மக்காச்சோள மாவைக் கூட்டினால் பால் கூடுமா?

கறவை மாட்டுக்கு வைக்கோலோடு மாவை மட்டும் கூட்டிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவுக்குக் கூடும், அப்புறம் அடி வாங்கும்.

மாட்டின் முதல் வயிற்றில் நுண்ணுயிர்கள் நாரை நொதிக்க வைக்கும்போது அசிட்டிக் அமிலம் உண்டாகிறது. பாலின் கொழுப்புக்கு அதுதான் முக்கிய மூலப்பொருள். மாவுச்சத்திலிருந்து புரோப்பியானிக் அமிலம் அதிகம் வரும். கல்லீரல் அதைக் குளுக்கோஸாக்கும், மடி அதிலிருந்து லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைச் செய்யும். பாலின் அளவைத் தீர்மானிப்பது லாக்டோஸ்தான். அதனால்தான் தானியம் போட்டால் லிட்டர் ஏறுகிறது.

ஆனால் மாவு மிஞ்சினால் அசைபோடுவது குறையும், உமிழ்நீர் குறையும், வயிறு புளிக்கும். சாணம் இளகும், கொழுப்பு இறங்கும். பால் சொசைட்டியில் கொழுப்பு பார்த்துத்தானே காசு!

வைக்கோலில் புரதம் 3–4 சதவீதம்தான், அதை நம்பிப் பயனில்லை. கோ-4 கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல்லோடு, புரதம் மிகுந்த பயறுவகைத் தீவனமான வேலிமசாலும் கலந்து நறுக்கிப் போடுங்கள். கலப்பினப் பசுவுக்கு உடல் பராமரிப்புக்கு ஒன்றரை கிலோ அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்தது), அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்பது புழக்கத்தில் உள்ள கணக்கு. பசுந்தீவனம் நன்றாக இருந்தால் இதிலும் குறைக்கலாம். எதை மாற்றினாலும் பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள்.