வேர் முடிச்சு பத்தி கேளுங்க, தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்

கேள்வி: அண்ணா, உளுந்துச் செடி ஒண்ணைப் புடுங்கிப் பாத்தேன், வேர் பூரா குட்டிக் குட்டி உருண்டை. நோயா?

பதில்: பயப்படாத தம்பி. விரலால லேசா தேய்ச்சுப் பாரு, ஈசியா உதிர்ந்து வந்தா ரைசோபியம் பாக்டீரியா குடியிருக்கிற வேர் முடிச்சு, உதிராம வேரே வீங்கின மாதிரி இருந்தா நூற்புழு வேலை. அப்புறம் ஒரு முடிச்சை நகத்தால ரெண்டா கிள்ளி உள்ள என்ன கலர்னு வந்து சொல்லு.

கேள்வி: கிள்ளிட்டேன்ணா, உள்ள ரத்தம் மாதிரி சிவப்பு!

பதில்: அப்ப வேலை ஜோரா நடக்குது. அது லெக்ஹீமோகுளோபின், நம்ம ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்னு வெச்சுக்கோயேன். காத்துல 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் அதோட ரெண்டு அணுவும் மூணு பிணைப்பு போட்டு இறுக்கிப் பிடிச்சிருக்கறதால செடியால தொட முடியாது, ஃபேக்டரில அதைப் பிரிக்க 400 டிகிரி சூடும் பயங்கர அழுத்தமும் வேணும், ஆனா இந்த பாக்டீரியா நைட்ரஜினேஸ்னு ஒரு என்சைமை வெச்சு மண்ணு சூட்டுலயே அம்மோனியா ஆக்கிடுது. சிக்கல் என்னன்னா அந்த என்சைமுக்கு ஆக்சிஜன் ஆகாது, பாக்டீரியாவுக்கோ மூச்சு விட அது வேணும். அதான் இந்தச் சிவப்பு நடுவுல நின்னு ஆக்சிஜனை அளந்து அளந்து குடுக்குது. உள்ள வெள்ளையா இருந்தா பிஞ்சு, இல்லன்னா வேலை செய்யாத முடிச்சு. பச்சை, பழுப்புன்னா வயசாயிடுச்சு.

கேள்வி: பாக்டீரியா உள்ள எப்படிங்க போகுது?

பதில்: செடியே கூப்பிடுது மேடம். வேர் ஃபிளேவனாய்டுன்னு ஒரு ரசாயனத்தைக் கசிய விடும், அது பட்டதும் பாக்டீரியா பதிலுக்கு நாட் ஃபேக்டர்னு ஒரு சிக்னல் அனுப்பும், அது செடிக்குப் பொருந்தினா வேர்த்தூவி நுனி கொக்கியா சுருண்டு பாக்டீரியாவை மடக்கிக்கும், அங்கேர்ந்து ஒரு குழாய் உள்நோக்கி வளரும். நிலக்கடலைக்கு தனி ரூட்டு, பக்க வேர் கிளம்புற இடத்து விரிசல்லயே நுழைஞ்சிடும்.

கேள்வி: சார், சோயாவுக்கு வாங்கின ரைசோபியம் பாக்கெட் மீதி இருக்கு, கொண்டைக்கடலைக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். இதுல வகை வகையா இருக்கு, சோயாவுக்கு பிராடிரைசோபியம், கொண்டைக்கடலைக்கு மீசோரைசோபியம், சிக்னல் வேற. வெயில்லயும் வெக்காதீங்க, உயிருள்ள சரக்கு.

கேள்வி: கூடவே யூரியாவும் போட்டா டபுள் லாபம்தானே?

பதில்: நானும் அப்படி நினைச்சு அள்ளிப் போட்டவன்தான். செடி பச்சைப்பசேல்னு நின்னுச்சு, புடுங்கிப் பாத்தா முடிச்சை விரல் விட்டு எண்ணிடலாம். ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க குறைஞ்சது 16 ஏடிபி (செல்லுக்குள்ள சக்தியைச் சுமக்கிற மூலக்கூறு) செலவு, அவ்ளோவும் இலை சமைச்ச சர்க்கரைலேர்ந்து வரணும். யூரியா மாறி மண்ணுல நைட்ரேட்டா சும்மா கிடைக்கும்போது செடி எதுக்கு சோறு போட்டு ஆள் வெச்சுக்கும்?

கேள்வி: ஓசிச் சோறு சாப்பிடுற பாக்டீரியாவும் இருக்குமா?

பதில்: இருக்கே! ஆனா செடி ஏமாளி இல்ல. 2003ல வெளிவந்த ஒரு சோயா ஆய்வுல முடிச்சைச் சுத்தி நைட்ரஜனை எடுத்துட்டு ஆர்கான்னு எதோடவும் சேராத ஒரு வாயுவை விட்டாங்க, பாவம் பாக்டீரியாவுக்கு வேலை செய்ய சரக்கே இல்ல. செடி அதெல்லாம் பாக்கல, அந்த முடிச்சுக்கு ஆக்சிஜனைக் குறைச்சிடுச்சு, உள்ள பாக்டீரியாவும் சரியா பெருகல.

கேள்வி: அறுவடைக்கு அப்புறம் மண்ணுல நைட்ரஜன் தங்குமாண்ணே?

பதில்: நினைக்கிற அளவு தங்காது, பெரும்பங்கு விதைல புரதமா போயிடும். செடியை வேரோட புடுங்கி வெளிய போட்டா மிச்சமும் போச்சு, அதனால தழையையும் வேரையும் மண்ணுலயே மடக்கி உழுதுடுங்க. பூக்கும்போதே உழுதா மண்ணுக்கு இன்னும் நல்லது, ஆனா விதை கிடைக்காது, எது வேணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.