வெளிநாட்டு அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் டெல்லி நிறுவனம் ஒன்றின் ஆண்டறிக்கையில் 'சாதனைகள்' பகுதியை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எண்களை எப்படித் தொகுப்பது?

வருகைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள், பரிந்துரைக்கப்பட்டவர்களின் பட்டியலிலிருந்து அல்ல. வெளியுறவு அமைச்சகம் 1964 முதல் நடத்தும், வெளிநாட்டினருக்குப் பயிற்சி தரும் ஐடெக் திட்டத்தில் 30 இடம் ஒதுக்கி, விசா தாமதத்தால் 24 பேர்தான் வந்தார்கள் என்று வையுங்கள். அறிக்கையில் 24தான்.

தலைக்கணக்கு மட்டும் ஏமாற்றும். 24 பேருக்கு 12 நாள் என்றால் 288 ஆள்-நாள். 60 பேருக்கு 2 நாள் ஆன்லைன் வகுப்பு என்றால் 120தான். தலைக்கணக்கு, ஆள்-நாள் இரண்டையும் அட்டவணையில் தனித்தனி நெடுவரிசையில் காட்டுங்கள். ஒருவரே இரண்டு பயிற்சிக்கு வந்தால் பங்கேற்பு 2, நபர் 1.

பெரிய தலைவலி மார்ச் மாதம். மார்ச் 24-ல் தொடங்கி ஏப்ரல் 4-ல் முடியும் பயிற்சி எந்த நிதியாண்டுக் கணக்கு? முடிந்த ஆண்டில் சேர்ப்பது என்று ஒரே விதி வைத்து, அட்டவணைக்கு அடியில் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு ஆண்டும் அதே 24 பேரை உரிமை கொண்டாடும், தணிக்கையில் மாட்டும்.

'திருப்தி விகிதம்' பெரிய சாதனை இல்லை. கடைசி நாள், சான்றிதழுக்கு முன் நீட்டும் படிவத்தில் யார்தான் 5-க்குக் குறைவாகப் போடுவார்கள்? பயிற்சியின் பலனை அளக்க அமெரிக்க ஆய்வாளர் கிர்க்பேட்ரிக் 1959-ல் சொன்ன நான்கு படிகளில் (திருப்தி, கற்றல், வேலையில் மாற்றம், விளைவு) இது முதல் படிதான். கற்றலைக் காட்ட, ஒரே 20 கேள்விகளை முதல் நாளும் கடைசி நாளும் கொடுத்து மதிப்பெண்ணை ஒப்பிடுங்கள். வேலையில் மாற்றம் வந்ததா என்பதை 6 மாதம் கழித்து மேலதிகாரியிடம் கேளுங்கள். 24-ல் 9 பேரிடமிருந்தே பதில் வந்தால், '9 பதில்களில்' என்றே எழுதுங்கள்.