நெய்யும்போது நடுவுல ஒடுங்குதே, ஏன்?

மிச்ச நூலும் துணித்துண்டும் வச்சு சுவர்ல மாட்டுறதுக்கு நெய்தா, நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்குதுன்னு கேட்டிருக்கீங்க. குறுக்கு நூலை இறுக்கி இழுக்கிறதுதாங்க காரணம். நேரா ஓட்டாம மலை மாதிரி வளைச்சுப் போட்டு முள்கரண்டியால கீழ தட்டுங்க, பாவு நூலுக்கு (நெடுக்க கட்டியிருக்கிற நூல்) மேலயும் கீழயும் ஏறி இறங்க அந்த வளைவு நூல் வேணும்.

பாவுக்கு உல்லன் வேணாம், இழுபடும், பருத்திக் கயிறு போடுங்க. நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பசார் மாலாம்ல (இரவுச் சந்தை) வாங்கினதுதான் இன்னும் ஓடுது. குறுக்க ஓட்டுறதுக்கு அம்மாவோட பழைய பாத்தேக் (பாட்டிக்) கைலிய 2 சென்டிமீட்டர் பட்டையா கையாலயே கிழிச்சேன், ஓரத்துல பிசிறு பிசிறா நிக்கிறதுதான் அழகே. டீ-சர்ட் துணின்னா வெட்டணும், வெட்டி இழுத்துவிட்டா தானா கயிறு மாதிரி சுருண்டுக்கும். துணிப்பட்டை தடிமனா இருக்கும்ல, அதனால நடுநடுவுல ரெண்டு வரி நூல் ஓட்டுங்க, இல்லன்னா தொளதொளன்னு இருக்கும்.