மும்முறையா, ஹேமிங்கா?

வணக்கம்.

வழியில் சில பிட்டுகள் தவறினாலும் செய்தியை மீட்க உதவுபவை பிழைதிருத்தக் குறியீடுகள். ஒவ்வொரு பிட்டையும் மூன்று முறை அனுப்பிப் பெரும்பான்மையை எடுப்பது (மும்முறை) அப்படி ஒரு குறியீடு. நான்கு பிட்டை ஏழு பிட்டாக்கி அனுப்பும் (7,4) ஹேமிங் இன்னொன்று. இரண்டுக்கும் குறைந்தபட்ச தூரம் (அனுப்பக்கூடிய பிட் வரிசைகளான குறிச்சொற்களில் எந்த இரண்டும் குறைந்தது எத்தனை பிட்டில் வேறுபடும் என்பது) 3, இரண்டும் ஒரு பிழையைத் திருத்தும். பிட் பிழை நிகழ்தகவு 0.01 என வைத்து, நான்கு பிட் செய்தி கெடும் வாய்ப்பைக் கணக்கிட்டேன். மும்முறைக்கு 0.0012, ஹேமிங்குக்கு 0.0020. மும்முறைதானே ஜெயிக்கிறது? அப்புறம் ஏன் எல்லாரும் ஹேமிங்கைக் கொண்டாடுகிறார்கள்?

கே.

அன்புள்ள கே.,

கணக்கு சரி, நானும் போட்டுப் பார்த்தேன். போட்டிதான் சரியில்லை. அதே நான்கு பிட்டுக்கு ஒருவர் 12 பிட் அனுப்புகிறார், மற்றவர் 7. அந்தக் கூடுதல் ஐந்துக்கான ஆற்றலை யார் கொடுத்தது?

அதனால்தான் ஒரு தகவல் பிட்டுக்கு ஆகும் ஆற்றலைச் சமமாக வைத்துக்கொண்டு ஒப்பிடுவார்கள். காஸியன் இரைச்சல் (மணி வடிவப் பரவலில் வரும் தற்செயல் இரைச்சல்), +1 அல்லது −1 என அனுப்புகிறோம், வந்ததும் ஒவ்வொரு பிட்டையும் 0 அல்லது 1 என்று முடிவுகட்டிவிடுகிறோம் என்று கொள்வோம். குறியீடே இல்லாமல் அனுப்பினால் பிட் பிழை 0.01 வருமளவு ஆற்றல் கையிருப்பு. அதை மூன்றாகப் பங்கிட்டால் பிட் பிழை சுமார் 0.09-க்கு ஏறிவிடும். ஹேமிங்கில் பிட்டுக்கு 4/7 பங்கு. பிழை சுமார் 0.039. இனி உங்கள் கணக்கையே திரும்பப் போடுங்கள். செய்தி கெடும் வாய்ப்பு ஹேமிங்குக்கு 0.028, மும்முறைக்கு 0.088. குறியீடே இல்லாவிட்டால் 0.039. ஆக மும்முறை, சும்மா இருப்பதைவிட மோசம்! முதலில் எனக்கும் நம்ப முடியவில்லை.

வந்த அலையின் அளவை அவசரப்பட்டு வெட்டாமல் மூன்றையும் கூட்டி முடிவெடுத்தால் இந்த நஷ்டம் போய்விடும். லாபமும் இராது. காரணம் எளிது: அப்படி முடிவெடுக்கும்போது, இரைச்சல் குறையக் குறைய, கிடைக்கும் லாபம் வீதத்தையும் (அனுப்பும் பிட்டுகளில் தகவல் பிட்டுகளின் பங்கு) குறைந்தபட்ச தூரத்தையும் பெருக்கிய அளவை நெருங்கும். மும்முறைக்கு அது 1, அதாவது 0 டெசிபல். ஹேமிங்குக்கு 12/7, சுமார் 2.3 டெசிபல். 12 பிட்டை 23 ஆக்கும், தூரம் 7 உள்ள (23,12) கோலே குறியீட்டுக்கு 84/23, சுமார் 5.6.

இந்தப் பெருக்கலையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். நடுத்தர இரைச்சலில், அந்தக் குறைந்தபட்ச தூரத்தில் எத்தனை குறிச்சொற்கள் நெருக்கியடித்து நிற்கின்றன என்பதும் கணக்கில் வரும். ஹேமிங்கில் ஏழு. 1993-இல் வந்த டர்போ குறியீடுகளுக்குத் தூரம் ஒன்றும் பிரமாதமில்லை. அண்டைச் சொற்கள் மிகக் குறைவு என்பதால்தான் அவை ஷானன் எல்லையை (எந்தக் குறியீடும் தாண்ட முடியாத கோட்பாட்டு வரம்பு) அவ்வளவு நெருங்கின. அடுத்த கடிதத்தில் தூரத்தோடு எடைப் பட்டியலையும் (எத்தனை 1-கள் கொண்ட குறிச்சொற்கள் எத்தனை என்ற பட்டியல்) சேர்த்து எழுதுங்கள், பேசலாம்.