ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்னும் கணினி ஆட்ட வரிசை, தொடக்கம் முதல் ஆடி வரும் பழைய ரசிகர்களுக்கு இன்னும் சுவையாக இருக்கிறதா, அல்லது வெறும் பழக்கத்தால் ஆடுகிறார்களா?

எனக்கு இன்னும் சுவையாகவே இருக்கிறது. ஆனால் அந்தச் சுவையை எனக்குத் தந்தவை அடுத்தடுத்து வந்த புதிய பாகங்கள் அல்ல. 1999-இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தைச் சிலர் விடாமல் பழுதுபார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதனால்தான் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஆடிக்கொண்டிருக்கிறேன். ஒரு வரியில் "ஆம்" என்று சொன்னால் இது விளங்காது என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2002-இல் நான் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மதுரை பழங்காநத்தத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. எட்டு சிஸ்டம்கள், மணிக்கு இருபது ரூபாய். இரவு எட்டு மணிக்கு மேல் மின்னஞ்சல் பார்க்க வருபவர்கள் குறைந்துவிடுவார்கள் என்பதால், அதை நடத்திய அண்ணன் எங்கள் ஐந்து பேரையும் லேனில் (அந்த அறைக் கணினிகளுக்கு இடையிலான உள்வலையில்) இணைத்து ஆடவிட்டு, ஆளுக்குப் பத்து ரூபாய் மட்டும் வாங்கிக்கொள்வார். நாங்கள் ஆடியது இரண்டாம் பாகமான "ஏஜ் ஆஃப் கிங்ஸ்", அதன் மேல் 2000-இல் வந்த "கான்கரர்ஸ்" என்னும் விரிவாக்கத்தோடு. ஹவ் டூ யூ டர்ன் திஸ் ஆன் என்று தட்டச்சு செய்தால் இடைக்கால ஊரின் நடுவே நீல நிறக் கார் ஒன்று வந்து நிற்கும் என்பதை எங்கள் வகுப்பில் அறியாதவர் இல்லை. ஆனால் எங்கள் ஐவருக்குள் அந்தக் குறுக்குவழிக்கு அனுமதி கிடையாது.

அந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று கிராமத்தார், ஒரு குதிரை ஒற்றன், நடுவில் ஊர்மனை. ஆட்டம் இவ்வளவோடுதான் தொடங்கும். ஒரு கிராமத்தாரை உருவாக்க 50 உணவு வேண்டும், 25 நொடிகள் ஆகும். ஆடுகளைத் தேடிப் பிடித்து ஊர்மனைக்கு ஓட்டி வர வேண்டும். பிறகு காட்டுப்பன்றியை அம்பால் சீண்டிவிட்டு, அது துரத்த ஊர்மனை வரைக்கும் ஓடி வந்து, மற்றவர்களோடு சேர்ந்து அதை வீழ்த்த வேண்டும். சற்றுத் தாமதித்தால் ஆள் செத்துவிடுவான், அந்த இழப்பு பத்து நிமிடம் கழித்துப் போர்க்களத்தில் தெரியும். 500 உணவு சேர்ந்தால் இருண்ட காலத்திலிருந்து அடுத்த காலத்துக்குப் போகலாம். வீடு கட்டுவது, வயல் போடுவது, மரம் வெட்டுவது, எதிரி எந்தத் திசையில் இருக்கிறான் என்று பார்ப்பது ஆகிய அனைத்தையும் ஒரே நேரத்தில் மனத்தில் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். ஒரு சம்சாரி பருவத்தைப் பார்த்துக்கொண்டே ஆள், மாடு, தண்ணீர் மூன்றையும் கணக்குப் போடுவதைப் போன்றது அது.

2005-இல் மூன்றாம் பாகம் வந்தபோது நாங்கள் கல்லூரியில் சேர்ந்திருந்தோம். அதற்காக மாதக்கணக்கில் காத்திருந்தோம், கிடைத்தபோது மனம் ஒட்டவில்லை. மோசமான ஆட்டம் என்று அதை நான் சொல்லமாட்டேன். கடல் நீரும் பீரங்கிக் குண்டு பட்டுச் சிதறும் கட்டடங்களும் அன்றைக்கு வியப்பாகவே இருந்தன. ஆனால் அதில் வெட்டிய மரத்தையும் தோண்டிய பொன்னையும் கிராமத்தார் எங்கும் சுமந்து சென்று சேர்க்க வேண்டியதில்லை, வெட்டும்போதே கணக்கில் ஏறிவிடும். தாய்நாட்டு நகரத்திலிருந்து சீட்டுகளின் வழியாகச் சரக்கும் படையும் வந்து இறங்கும். கிடங்கை எங்கே வைப்பது, காட்டோரத்தில் வைத்தால் எதிரி வருவானா, எத்தனை அடி நடை மிச்சமாகும் என்ற கணக்குகளில்தான் நாங்கள் மூன்று ஆண்டுகளைச் செலவிட்டிருந்தோம். அந்தக் கணக்கையே எடுத்துவிட்டு வேறொரு கணக்கை வைத்தால், அது எவ்வளவு நன்றாக இருந்தாலும் எங்கள் கைக்கு அந்நியமாகவே இருக்கும். பழைய ரசிகருக்கு வரிசை சலித்துப்போவது பெரும்பாலும் இத்தகைய இடத்தில்தான் என்று நினைக்கிறேன். கதை, படம், நாடு, காலம் எதை மாற்றினாலும் அவர் ஏற்றுக்கொள்வார். ஆட்டத்தின் போது அவருடைய மனம் எதைக் கணக்கிட்டுக்கொண்டிருந்ததோ அதை மாற்றினால், பெயர் மட்டுமே பழையதாக மிஞ்சும்.

2009-இல் இந்த வரிசையை உருவாக்கிய என்சம்பிள் ஸ்டுடியோஸ் நிறுவனமே மூடப்பட்டது. 2011-இல் வந்த "ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆன்லைன்" 2014-இல் நிறுத்தப்பட்டது. அந்த ஆண்டுகளில் இந்த வரிசை முடிந்துவிட்டது என்றே நான் நம்பினேன்.

என் அம்மாவின் ஊர் மேலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. முற்காலத்தில் கோடை வந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் என்று ஊரார் கண்மாயில் இறங்கி, வரத்துக் கால்வாயைத் தூர் வாரி, கரையில் மண் போட்டு உயர்த்துவார்களாம். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். "புதுசா ஒரு கம்மா வெட்ட வேணாம்யா, மடை எங்க இருக்குன்னு தெரிஞ்சவன் நாலு பேரு எறங்கி வாரினாப் போதும்" என்று தாத்தா சொல்வார். இரண்டாம் பாகத்துக்கு நடந்ததைப் படித்தபோது எனக்கு அவர் பேச்சுதான் நினைவுக்கு வந்தது. நிறுவனம் கைவிட்டிருந்த காலத்தில், அந்த ஆட்டத்தை ஆடி வளர்ந்த ரசிகர் குழு ஒன்று, தாங்களாகவே புதிய நாகரிகங்களையும் (ஆடுபவர் தன் தரப்பாகத் தேர்ந்தெடுக்கும் மக்கள்) திருத்தங்களையும் செய்து இணையத்தில் பகிர்ந்துகொண்டிருந்தது. 2013-இல் மைக்ரோசாஃப்ட் அவர்களுடைய உழைப்பையே "த ஃபர்காட்டன்" என்ற பெயரில் முறையான விரிவாக்கமாக வெளியிட்டது. அக்குழுவே பின்னர் ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்ற நிறுவனமாகி, 2019 நவம்பரில் வந்த "டெஃபினிட்டிவ் எடிஷன்" பதிப்பை உருவாக்கியதில் முதன்மைப் பங்கு வகித்தது. மடை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கையில் அது போய்ச் சேர்ந்தது, இந்த வரிசையின் பெரும் நல்வாய்ப்பு.

(இதே உழைப்பைக் கிரிக்கெட்டிலும் பார்த்திருக்கிறேன். "ஈஏ கிரிக்கெட் 07" 2006-இல் வெளிவந்தது, அதற்குப் பின் அந்த வரிசையில் ஒன்றும் வரவில்லை. ஆனால் 2008-இல் தொடங்கிய ஐபிஎல்லின் அணிகளையும் சட்டைகளையும் ரசிகர்களே அதற்குள் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் ஆடினார்கள். அங்கே குடிமராமத்து நடந்தது. அதை ஏற்று நடத்த நிறுவனம்தான் முன்வரவில்லை.)

டெஃபினிட்டிவ் எடிஷனில் அவர்கள் எதைத் தொட்டார்கள் என்பதற்கு வயலே நல்ல எடுத்துக்காட்டு. ஏஜ் ஆஃப் கிங்ஸில் வயல் விளைந்து தீர்ந்ததும் உழவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாம் கவனித்து, 60 மரம் செலவிட்டு, மறுபடியும் வயல் போட வேண்டும். கான்கரர்ஸில், ஆலை என்னும் கட்டடத்தில் முன்கூட்டியே மரத்தைச் செலுத்தி மறுவிதைப்பை வரிசையில் நிறுத்தும் வசதி வந்தது. இப்போது ஒரு முறை சொல்லிவிட்டால் மரம் இருக்கும்வரை வயல் தானாகவே விதைக்கப்படுகிறது. மரத்தின் செலவு அப்படியே இருக்கிறது, எத்தனை வயல் வேண்டும் என்ற கணக்கும் நம்முடையதே. விரல்களின் வீண் அலைச்சல் மட்டும் போயிற்று. ஒற்றனைத் தானாகவே நிலத்தைச் சுற்றிப் பார்க்கச் செய்வதும் இத்தகையதுதான். நாற்பதை நெருங்கும் என் போன்றவர்களுக்கு இவை எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லில் அடக்க முடியாது. அதோடு, இணையத்தில் தரவரிசை ஆட்டங்களில் நம் திறனுக்கு நிகரானவரையே எதிரில் நிறுத்துகிறார்கள். என் மதிப்பெண் ஐந்து ஆண்டுகளாக ஆயிரத்தைச் சுற்றியே இருக்கிறது. ஆனாலும் பாதி ஆட்டங்களில் வெல்கிறேன், ஒவ்வோர் ஆட்டமும் இழுபறியாகவே இருக்கிறது.

2022 ஏப்ரலில் வந்த "டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா" விரிவாக்கத்தைப் பற்றி எழுதாமல் என்னால் இந்தப் பதிலை முடிக்க இயலாது. 2013-இல் சேர்க்கப்பட்ட "இந்தியர்கள்" என்ற நாகரிகம், ஒரு துணைக்கண்டம் முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஒட்டகப் படையை முதன்மையாக்கித் தந்திருந்தது. வைகைக் கரையில் பிறந்தவனுக்கு அதில் தன்னுடையது என்று சொல்ல எதுவும் இல்லை. 2022-இல் அதைப் பிரித்து, திராவிடர், வங்காளியர், கூர்ஜரர் என மூன்றைப் புதிதாகச் சேர்த்து, பழையதை இந்துஸ்தானியர் என்று திருத்தினார்கள். வெளிவந்த அன்றிரவே நாங்கள் நால்வர் இணையத்தில் சேர்ந்தோம். இருவர் மதுரையில், ஒருவன் சென்னையில், ஒருவன் துபாயில். திராவிடரைத் தேர்ந்தெடுத்து முதல் கிராமத்தாரைச் சொடுக்கியபோது அவர் தமிழில் பதில் சொன்னார். துபாயில் இருப்பவன், "மாப்ள, கேட்டியாடா? நம்ம ஆளுக தமிழ்ல பேசுறாய்ங்கடா" என்று கத்தினான். பிறகு நால்வரும் சற்று நேரம் ஆட்டத்தை மறந்து, ஆட்களை மாற்றி மாற்றிச் சொடுக்கிக்கொண்டிருந்தோம். பிரவுசிங் சென்டரில் ஆடிய காலத்தில் நாங்கள் பிரித்தானியராகவும் பாரசீகராகவும் ஜப்பானியராகவும் இருந்திருக்கிறோம், நாங்களாக இருந்ததில்லை.

மொழியோடு நின்றுவிடாமல் ஆட்டத்தின் அமைப்பிலும் அவர்கள் வரலாற்றைக் கவனித்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. சுருள்வாள் வீரர்கள் இருக்கிறார்கள். திரிசடை என்னும் பெருங்கப்பல் இருக்கிறது. உருக்கு என்ற சொல்லோடு தொடர்புபடுத்தப்படும் வூட்ஸ் எஃகு ஒரு தொழில்நுட்பமாக வருகிறது. ஆனால் கனரகக் குதிரைப் படை திராவிடருக்குக் கிடையாது. முதலில் ஆடுபவருக்கு இது பெருங்குறையாகத் தோன்றும். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, இங்கே குதிரைகள் வளர்வதில்லை என்றும், கடல் வழியே பெரும் பொருள் கொடுத்து ஆண்டுதோறும் வாங்கப்படும் குதிரைகள் பராமரிப்பின்றி மடிகின்றன என்றும் குறித்திருக்கிறார். அதை அறிந்தபின் ஆடினால், அந்தக் குறையே நம்மைக் கடலுக்கும் யானைக்கும் காலாட்படைக்கும் தள்ளுகிறது என்பது புலப்படும். இருபது ஆண்டுகளாக "காஸில் ஏஜ் (ஆட்டத்தின் மூன்றாம் காலம்) வந்தால் குதிரை வீரர்" என்றே பழகிய கை, புதிதாக யோசிக்க வேண்டியிருந்தது. அதே விதிகள், அதே 25 நொடிகள், அதே காட்டுப்பன்றி. ஆனால் நான் மறுபடியும் ஒன்பதாம் வகுப்பு மாணவனைப் போலத் தோற்றுத் தோற்றுக் கற்றேன். திராவிடருக்கான கதைத்தொடர் இராசேந்திர சோழனைப் பற்றியது. அது சிறப்பாகவே இருக்கிறது. 1251-இல் பட்டமேறிய முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியனுக்கும் ஒரு கதைத்தொடர் வர வேண்டும் என்பது மதுரைக்காரனாக என் உண்மையான விருப்பம்.

2021-இல் வந்த நான்காம் பாகத்தையும் வாங்கி ஆடினேன். ஒவ்வொரு நாகரிகத்தையும் மற்றொன்றிலிருந்து வெகுவாக வேறுபடுத்தியிருக்கிறார்கள்; அவர்களுடைய தில்லி சுல்தானகத்தில் ஆய்வுகளுக்குச் செலவே கிடையாது, நேரம் மட்டும் மிகுதியாகும். புதிதாக வருபவருக்கு அதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நாங்கள் நால்வர் மட்டும் நான்கு மாதங்களில் இரண்டாம் பாகத்துக்கே திரும்பிவிட்டோம்.

எல்லாமே இனித்தது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். 2025 மே மாதம் வந்த "த்ரீ கிங்டம்ஸ்" விரிவாக்கம், 3-ஆம் நூற்றாண்டுச் சீன அரசுகளை இந்த இடைக்கால ஆட்டத்துக்குள் கொண்டுவந்ததோடு, அவர்களுக்கு நாயகர்களையும் தந்தது. தனி ஒருவன் போரின் போக்கைத் திருப்புவது கதைத்தொடருக்குப் பொருந்தும். சாதாரண ஆட்டத்தில் அது பொருளாதாரக் கணக்கின் எடையைக் குறைக்கிறது என்பதே என் எதிர்ப்பு. பலரும் இதைச் சொன்னார்கள், நானும் என் மதிப்புரையில் எழுதினேன். மூன்றாம் பாகத்தில் எங்களை விலக்கியதும் இத்தகைய மாற்றமே.

வெறும் பழக்கத்தால் ஆடுகிறோமா என்று கேட்டிருந்தீர்கள். பழக்கம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் பழக்கம் மட்டுமே இருந்தால் தோற்ற ஆட்டத்தின் பதிவை இரவு பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் ஓடவிட்டு, எந்த நிமிடத்தில் தவறு செய்தேன் என்று யாரும் தேடமாட்டார்கள். நான் இன்னும் தேடுகிறேன்.

என் அக்காள் மகன் 2023-இல் ஆடத் தொடங்கினான். அவனுக்குத் தெரிந்த முதல் நாகரிகமே திராவிடர்தான். சென்ற மாதம் என் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன், "மாமா, எதுக்கு அந்த ஆலைய அப்பப்ப போய்ப் பாத்துட்டு வர்றீங்க? வயல்தான் தானா வெதச்சுக்கிருமே" என்று கேட்டான். விதைக்க மறந்து ஒருமுறை ஐந்து வயலும் தரிசாகக் கிடந்த கதையை அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோதே எதிரியின் யானைகள் என் மேற்கு மதிலை உடைத்துவிட்டன. "மாமா, மேக்க பாருங்க" என்று அவன்தான் எனக்குக் காட்டினான்.