கூட்டத்தின் நடுவே கார்: தற்காப்பு எங்கே தொடங்குகிறது?

கேள்வி: டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் வசிக்கிறோம். கணவர் ஹெச்-1பி விசாவில் மென்பொருள் பணியில் இருக்கிறார். சென்ற மாதம் ஒரு நாள் இரவு, நகர மையத்தில் ஒரு போராட்ட ஊர்வலத்துக்குள் எங்கள் கார் சிக்கிக்கொண்டது. சிலர் பானெட்டில் ஓங்கித் தட்டினார்கள். பின் இருக்கையில் இருந்த ஆறு வயது மகள் கதறி அழுதாள். ஐந்து நிமிடம் கழித்து, கூட்டத்திலிருந்தே மஞ்சள் மேலங்கி அணிந்த ஒருவர் வந்து, கையைக் காட்டி எங்களுக்குப் பின்னால் நின்றவர்களை விலக்கிவிட்டு, ரிவர்ஸ் எடுக்க வழிசெய்தார். துப்பாக்கி வாங்கிக் காரில் வைத்துக்கொள்ளப் போவதாக அன்று முதல் கணவர் சொல்கிறார். "அடுத்த முறை காரை ஏற்றிவிட்டுப் போய்விடுவேன், தற்காப்பு என்றால் இங்கே யாரும் கேட்கமாட்டார்கள்" என்று நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரியா?
- ஒரு வாசகி, ஆஸ்டின்

பதில்: சகோதரி, பின்னால் மகள் அழ, முன்னால் முகம் தெரியாதவர்கள் காரைத் தட்ட, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த உங்கள் கணவருக்கு அந்த ஐந்து நிமிடம் எவ்வளவு நீண்டிருக்கும் என்பது புரிகிறது. அவருடைய பயம் உண்மையானது. ஆனால் அந்தப் பயத்தில் அவர் எடுத்திருக்கும் இரண்டு முடிவுகளுமே தவறானவை.

முதலில் துப்பாக்கி. டெக்சஸில் உரிமம் இல்லாமலேயே வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது மாநிலச் சட்டம். ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்கா முழுவதற்குமான கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர் போன்ற ஒருசிலருக்கே விலக்கு உண்டு. ஒருமுறைகூடச் சுடாமல், காரில் வைத்திருந்ததற்காக மட்டுமே அவர் சிறைக்குச் செல்லவும் நாடுகடத்தப்படவும் நேரலாம்.

அடுத்தது தற்காப்பு. இதற்கு உங்கள் ஊரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃப்ளாய்டைக் காவலர் ஒருவர் கொன்றதை அடுத்த போராட்டங்களின்போது, 2020 ஜூலை 25 அன்று இரவு, ஊபர் ஓட்டிக்கொண்டிருந்த ராணுவ சார்ஜென்ட் டேனியல் பெர்ரி, காங்கிரஸ் அவென்யூவில் ஊர்வலம் சென்றுகொண்டிருந்த இடத்தில் காரைத் திருப்பினார். கூட்டம் காரைச் சூழ்ந்தது. நெருங்கி வந்த கேரெட் ஃபாஸ்டர் என்ற போராட்டக்காரரிடம் ஏகே-47 வகைத் துப்பாக்கி இருந்தது. அதை வெளிப்படையாக ஏந்திச் செல்ல டெக்சஸ் சட்டம் அனுமதிக்கிறது. பெர்ரி காருக்குள்ளிருந்தே சுட்டதில் ஃபாஸ்டர் இறந்தார். தன்னைக் குறிபார்க்க அவருக்கு வாய்ப்புக் கொடுக்க விரும்பவில்லை என்று பெர்ரி காவல்துறையிடம் கூறினார். ஃபாஸ்டர் துப்பாக்கியை உயர்த்தவில்லை என்று சாட்சிகள் கூறினார்கள். எதிரில் ஆயுதம் ஏந்திய ஒருவர் நின்றிருந்தும்கூட, 2023 ஏப்ரலில் ஜூரிகள் அதைக் கொலை என்றே முடிவு செய்தார்கள். தண்டனை 25 ஆண்டுகள். போராட்டக்காரர்களைச் சுடுவது பற்றி அவர் முன்பு அனுப்பியிருந்த குறுஞ்செய்திகளும் அந்த வழக்கில் பேசப்பட்டன. உங்கள் கணவரின் வாட்ஸ்அப் வரியைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அதுதான்.

2024 மே மாதம் ஆளுநர் கிரெக் அபாட் பெர்ரிக்கு மன்னிப்பு வழங்கினார். "யாரும் கேட்கமாட்டார்கள்" என்ற எண்ணம் அதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்த பிறகு, நாடே பேசிய ஒரு வழக்கில், ஓர் ஆளுநர் தம் அதிகாரத்தால் கொடுத்த மன்னிப்பு அது. விசாவில் வந்த ஒரு பொறியாளர் அதை நம்பி எதையும் செய்ய முடியாது.

டெக்சஸ் சட்டம் கேட்பது இதைத்தான்: எதிராளியின் சட்டவிரோதமான தாக்குதலைத் தடுக்க அந்தக் கணத்திலேயே பலத்தைப் பயன்படுத்தியாக வேண்டியிருந்தது என்று நியாயமான ஒருவர் நம்பியிருப்பாரா? ஒருவர் கண்ணாடியை உடைத்தோ கதவை இழுத்துத் திறந்தோ பலவந்தமாகக் காருக்குள் நுழைய முயன்றால், அப்படி நம்பியது நியாயமே என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். அதுவும், மோதலைத் தூண்டியவர் நீங்களாக இல்லாதபோதுதான். வெறும் வசைச்சொல்லுக்குப் பலத்தால் பதில் கொடுக்க இடமே இல்லை. பானெட்டில் தட்டுவது எரிச்சலூட்டும், நடுங்கவும் வைக்கும். அதற்காக உயிரைப் பறிக்க முடியாது. மேலும், காருக்கு முன்னால் நிற்பவர்தான் தட்டியவர் என்று எப்படிச் சொல்வது? ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அடிபடுவது, தள்ளுமுள்ளில் முன்னால் வந்துவிட்ட ஒரு கல்லூரிப் பெண்ணாக இருக்கலாம்.

வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில்லில் 2017 ஆகஸ்ட் 12 அன்று, வெள்ளை இனவெறிப் பேரணியை எதிர்த்துத் திரண்ட கூட்டத்துக்குள் காரைச் செலுத்தி ஹெதர் ஹேயர் என்ற பெண்ணைக் கொன்ற ஜேம்ஸ் ஃபீல்ட்ஸ் தரப்பும், உயிருக்குப் பயந்தே அப்படிச் செய்ததாக வாதிட்டது. கார் முதலில் நின்று, பின்னோக்கிச் சென்று, அதன் பிறகே கூட்டத்தை நோக்கிப் பாய்ந்ததைக் காணொளிகள் காட்டின. கூட்டத்தின் மீது கார் மோதும் படம் ஒன்றை அவர் மூன்று மாதங்களுக்கு முன்பே இன்ஸ்டாகிராமில் பகிர்ந்திருந்ததும் நீதிமன்றத்துக்கு வந்தது. ஆயுள் தண்டனையோடு 419 ஆண்டுகள் விதிக்கப்பட்டன.

ஓக்லஹோமா, அயோவா மாநிலங்கள் 2021இல், போராட்டக் கூட்டத்தில் சிக்கி யாரையாவது இடித்துவிடும் ஓட்டுநர்களுக்குச் சில சட்டப் பாதுகாப்புகளைக் கொடுத்தன என்பது உண்மை. ஆனால் அவையும் உரிய கவனத்தோடு ஓட்டியவருக்குத்தான். வேண்டுமென்றே ஏற்றியவருக்கு அல்ல. டெக்சஸில் அவை செல்லவும் செல்லாது.

கூட்டம் தொலைவில் தெரியும்போதே வேறு தெருவில் திரும்பிவிடுங்கள். சிக்கிக்கொண்டால் காரை நிறுத்தி, கதவுகளைப் பூட்டி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு 911ஐ அழையுங்கள். ஹாரன் அடிக்காதீர்கள்; இறங்கி வாதாடவும் வேண்டாம். வழி கிடைத்ததும் நடை வேகத்தில் வெளியேறுங்கள்.

கணவரிடம் பேசும்போது சட்டத்திலிருந்து தொடங்காதீர்கள். அன்றிரவு உங்கள் மூவரையும் அங்கிருந்து வெளியே கொண்டுவந்தது எது என்று கேளுங்கள். உங்கள் கடிதத்திலேயே அதை எழுதியிருக்கிறீர்கள்: மஞ்சள் மேலங்கி அணிந்த ஒருவர், அந்தக் கூட்டத்திலிருந்தே வந்து, கையைக் காட்டி வழிவிடச் சொன்னார்.