ஒட்டுண்ணி நடக்கிறதே, பறக்குமா?

கேள்வி: வணக்கம் அம்மா. இரண்டு ஏக்கரில் கரும்பு நட்டிருக்கிறேன். தண்டைத் துளைக்கும் இடைக்கணுப் புழுவுக்காக டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணி அட்டை வாங்கினேன். கட்டுவதற்கு முன் ஒரு துண்டைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி வைத்தேன். மறுநாள் காலை புள்ளி புள்ளியாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்றுகூடப் பறக்கவில்லை. பக்கத்து வயல்காரரோ, "நீ காசு கொடுத்து வாங்கினது பறந்து என் கரும்புக்கு வந்துடும் பாரு" என்கிறார். இது பறக்கும் பூச்சியா, இல்லையா? பறந்தால் எவ்வளவு தூரம் போகும்?
– கரும்பு விவசாயி, சங்கராபுரம் பக்கம்

பதில்: தம்பி, பாட்டிலில் போட்டுப் பார்க்கத் தோன்றியதே, அதற்கு முதலில் பாராட்டு. ஒரு சர்க்கரை ஆலையின் ஒட்டுண்ணிக் கூடத்தில் 26 வருடம் வேலை பார்த்தவள் நான். அட்டை வாங்க வந்தவர்கள் எத்தனை சிசி (அட்டையில் ஒட்டிய முட்டையின் அளவு), என்ன விலை, எப்போது கட்டுவது என்றெல்லாம் கேட்பார்கள். பறக்குமா என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனக்கோ அதுதான் முதல் கேள்வி.

பறக்கும். டிரைக்கோகிரம்மா ஒரு குட்டிக் குளவி. அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு, அதிலிருந்து புழு வராமல் செய்துவிடும். அட்டையில் ஒட்டியிருக்கும் கறுத்த புள்ளிகள், உள்ளே இந்தக் குளவி வளரும் முட்டைகள். நல்ல அட்டையாக இருந்தால் நிச்சயம் பறக்கும். ஆனால் நடப்பதும் அதன் பிழைப்புதான். இலையில் புழுவின் தாய் அந்துப்பூச்சி இட்டுவைத்த முட்டையைத் தேடி, உணர்கொம்பால் தட்டித் தட்டி நடந்தேதான் கண்டுபிடிக்கும். நாலாபுறமும் வெளிச்சம் வரும் மூடிய பாட்டிலுக்குள் அது ஊர்ந்ததை மட்டும் வைத்து அட்டை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

ஒரு கைலென்ஸ் கிடைத்தால் அடுத்த முறை பாருங்கள். அரை மில்லிமீட்டர் உடம்பு, சிவப்புக் கண். கறுத்த முட்டையைக் கடித்துத் துளை போட்டு வெளியே வந்ததும் ஓடாது. நின்று, பின்னங்கால்களால் சிறகை நீவிவிடும். துடுப்பு மாதிரி அகன்ற சிறகு, அதன் மேல் வரிசை வரிசையாக மயிர், விளிம்பைச் சுற்றி நீளமான மயிர்க் குஞ்சம். நீவி முடித்ததும் சின்னதாக ஒரு துள்ளல். அவ்வளவுதான், லென்ஸில் வெறும் அட்டைதான் இருக்கும்.

அந்தக் குஞ்சம் அழகுக்காக இல்லை. நமக்குக் காற்று என்பது ஒன்றுமே இல்லாதது போலத்தான். அவ்வளவு சின்ன உடம்புக்கு அதே காற்று வெல்லப்பாகு மாதிரி இருக்கும். பாகில் சல்லடை போட்டால் லேசில் ஒழுகாது, இல்லையா? அதுபோல மயிர்களுக்கு இடையே காற்று அதிகம் நழுவாது, மயிர் வரிசையே சிறகாக வேலை செய்யும், எடையும் குறைவு. டென்மார்க்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் பணியாற்றிய டோர்கெல் வைஸ்-ஃபோ என்ற விஞ்ஞானி, வெள்ளை ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற இன்னொரு குட்டிக் குளவியைப் பற்றி 1973-ல் எழுதினார். அது நொடிக்குச் சுமார் 400 தடவை சிறகடிக்கிறது. ஒவ்வொரு தடவையும் இரண்டு சிறகையும் முதுகுக்கு மேலே கைகூப்புவது போலச் சேர்த்து, பிறகு ஒரு விளிம்பிலிருந்து பிரித்து விரிக்கிறது. பிரியும் இடைவெளியில் காற்று பாய்ந்து புகும்போதே மேலே தூக்கும் விசை கிடைத்துவிடுகிறது. முதன்முதலில் இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. தினமும் ஆயிரக்கணக்கில் குழாயில் அடைத்து அனுப்புகிற பூச்சி இத்தனை பெரிய வித்தைக்காரி என்று அதுவரை எனக்குத் தெரியாது.

சரி, பறக்காத அட்டையும் உண்டா? உண்டு. அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

கம்பு நொய்யில் அரிசி அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் முட்டையைக் கோந்து தடவிய அட்டையில் தூவி, புறஊதா விளக்கில் காட்டி உள்ளிருக்கும் கருவை அடக்கி, ஒட்டுண்ணிக்குக் கொடுப்போம். நான்காம் நாள் வாக்கில் முட்டை கறுக்கும், ஏழெட்டு நாளில் குளவி வெளிவரும். உடனே ஆள் வராவிட்டால் குளிர்பெட்டியில் வைப்போம். ஒரு வருடம் தொடர் மழை. கரும்புக்காட்டுக்குள் யாராலும் இறங்க முடியவில்லை. அட்டைகள் குளிர்பெட்டியில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தன. மழை விட்டதும் எல்லாவற்றையும் அனுப்பச் சொன்னார்கள். நான் ஒரு துண்டை வெளியே வைத்துப் பார்த்தேன். கறுப்பு முட்டை பெரும்பாலானவற்றில் துளை விழுந்திருந்தது. பொரிப்பு நன்றாக இருக்கிறது என்று மேலதிகாரிக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அதற்கப்புறம்தான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மழையில் நனைந்து மடங்கின குடை மாதிரிச் சிறகு, உடம்போடு ஒட்டிக்கிடந்தது. வெளியே வந்தவை அட்டையைச் சுற்றியே திரிந்தன, எறும்பு வந்து அள்ளிக்கொண்டு போனது. அட்டை வாங்கிப்போன ஒரு பெரியவர் சண்டை போட வரவில்லை. "இந்தத் தடவை புழு குறையலம்மா" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து பொரிப்பை எண்ணி நிறுத்திக்கொள்வதே இல்லை. பறப்பதையும் எண்ணுவேன்.

குளிர் மட்டும் காரணம் இல்லை. முட்டை குறைவாகவும் தாய்க் குளவி அதிகமாகவும் இருந்தால் ஒரே முட்டைக்குள் பல குஞ்சுகள் நெருக்கியடித்து வளரும், சிறகு விரியாது. எந்த முட்டையில் வளர்கிறது என்பதும் பெரிய விஷயம். இங்கிலாந்தில் ஜார்ஜ் சால்ட் 1937-ல் காட்டியது இது: டிரைக்கோகிரம்மாவில் ஒரு வகையின் ஆண்கள், அந்துப்பூச்சி முட்டையில் வளர்ந்தால் சிறகோடு பிறக்கின்றன. நீரோரத்தில் வாழும் ஆல்டர் ஈயின் முட்டையில் வளர்ந்தால் சிறகே இல்லாமல் பிறக்கின்றன. தாய் ஒன்றுதான், வீடுதான் வேறு.

உங்கள் அட்டையை நீங்களே சோதிக்கலாம். ஐரோப்பாவில் இதற்கென்றே ஒரு உருளை வைத்திருக்கிறார்கள், அதையே எளிமையாகச் சொல்கிறேன். வாயகன்ற ஊறுகாய் பாட்டிலின் உட்சுவரில் கறுப்புக் காகிதம் ஒட்டுங்கள். அடியிலிருந்து மூன்று விரல் உயரத்தில், காகிதத்தின் மேல் வளையமாக வாசலின் தடவுங்கள். அட்டைத் துண்டை அடியில் போட்டு, கண்ணாடித் தாளின் உள்பக்கம் ஆமணக்கெண்ணெய் பூசி வாயை மூடுங்கள். மேலே இருந்து மட்டும் வெளிச்சம் படும்படி நிழலில் வையுங்கள், வெயில் வேண்டாம். குளவி வெளிச்சத்தை நோக்கிப் போகும். பறக்கத் தெரிந்தது மேல்தாளில் ஒட்டும், நடக்க மட்டும் முடிந்தது வளையத்தில் மாட்டும், அதற்கும் முடியாதது அடியில் கிடக்கும். இரண்டு நாள் கழித்து எண்ணுங்கள். மேலே ஒட்டியவை பாதிக்கும் குறைவு என்றால் அந்த அட்டையை நான் வயலுக்கு எடுத்துப்போக மாட்டேன், திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இப்போது தூரம். தெம்பான குளவிகூட, அட்டை இருக்கும் இடத்திலிருந்து 10 மீட்டருக்குள்தான் உருப்படியாக முட்டை தேடும். காற்று வேகமாக அடித்தால் எதிர்த்துப் பறக்கத் தெம்பு இருக்காது, காற்று போகிற பக்கம் போய்விடும். ஆகவே அட்டையை வரப்போரத்தில் மொத்தமாகத் தொங்கவிடாதீர்கள். சின்னத் துண்டுகளாக வெட்டி, 5 மீட்டருக்கு ஒன்றாக வயல் முழுவதும், தோகையின் அடிப்பக்கத்தில் பின் அடியுங்கள். காலை இளவெயிலுக்கு முன் அல்லது சாயங்காலம் காற்று அடங்கியபின் கட்டுங்கள். ஆடிக் காற்று வீசும் நாளில் காற்று வருகிற பக்கம் கூடுதலாக நாலு துண்டு கட்டலாம். அளவு எக்டருக்கு 2.5 சிசி, உங்கள் இரண்டு ஏக்கருக்கு 2 சிசி. நட்ட நான்காம் மாதம் தொடங்கி 15 நாளுக்கு ஒருமுறை, ஆறு தடவை கட்டவேண்டும். ஒரு தடவை கட்டிவிட்டு விட்டுவிட்டால் பயன் இல்லை. அந்த நாட்களில் பூச்சிமருந்துப் பக்கம் போகாதீர்கள்.

பக்கத்து வயல்காரருக்குப் போகிறது வரப்போரத்துக் கொஞ்சம்தான். அவரையும் அதே நாளில் கட்டச் சொல்லுங்கள். அவர் வயலில் பொரித்த அந்துப்பூச்சியும் உங்கள் கரும்புக்குத்தானே வருகிறது.

கேள்வி: மரவள்ளி மாவுப்பூச்சிக்கு ஆப்பிரிக்காவிலிருந்து குளவி கொண்டுவந்து விட்டார்களாமே? எங்கள் ஊரில் விடவில்லை. அது தானாக வருமா அக்கா?
– வாசகி, ராசிபுரம்

பதில்: வரும் தங்கச்சி. அது அனாகைரஸ் லோபெசி, டிரைக்கோவைவிடப் பெரிது, பறப்பதிலும் கெட்டி. 1981-ல் நைஜீரியாவில் முதலில் விட்டார்கள், விட்ட இடங்களைத் தாண்டித் தானாகவே வெகுதூரம் பரவியது. அந்தப் பணிக்காக ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிஸ் விஞ்ஞானி 1995-ல் உலக உணவுப் பரிசு பெற்றார். நம்மூருக்கு பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். உங்களுக்கு அது ரொம்பத் தூரம் இல்லை. மாவுப்பூச்சி படிந்த நுனியில், வெள்ளையாக இல்லாமல் பழுப்பாக உப்பி விறைத்த பூச்சிகள் தென்பட்டால் குளவி வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நுனிகளை ஒடித்து எரிக்காதீர்கள். குளவி இன்னும் வராத செடிகளின் நுனியில் கொண்டுபோய்க் கட்டுங்கள்.